கருப்பையாவுக்குப் பின்னால் யார்?

செல்வி, ஜீவா, உங்கள் கணக்குப் புத்தகத்தில் வரிசைமாற்றம், சேர்வு என்று வருகிறதே, அது எனக்கு இன்றும் பாதிதான் பிடிபடுகிறது. ஆனால் சுருளிப்பட்டியில் மூன்று பேர் பங்குள்ள கிணற்றில் நான் மோட்டார் ஆபரேட்டராகச் சேர்ந்த புதிதில், அந்தக் கணக்குதான் என்னைப் போட்டு ஆட்டியது.

கருப்பையா அண்ணனுக்கு வாழை. பேச்சியம்மாள் அக்காவுக்குத் திராட்சை. சேவியருக்குக் கொஞ்சம் தக்காளி. முதலில் பாய்ச்சுகிறவருக்குக் கிணறு நிறையத் தண்ணீர். பின்னால் வருகிறவருக்கு மிச்சம். ஆள் மூன்று, ஆகவே வரிசையும் மூன்று என்று நினைத்தேன். முதல் நாள் கருப்பையா, பேச்சியம்மாள், சேவியர். மறுநாள் முதல் ஆளைக் கடைசிக்குத் தள்ளுவேன். அடுத்த நாளும் அப்படியே. எல்லாருக்கும் ஒரு நாள் முதலிடம். இதில் என்ன குறை?

கவாத்து வெட்டிய கொடியில் பூ எடுத்த நேரம். பேச்சியம்மாள் அக்கா மோட்டார் அறை வாசலில் வந்து நின்றார்.

"ஏப்பா, எங்கொடி காயுது. அண்ணங்கூடச் சேந்துக்கிட்டியா?"

"முறை மாத்தித்தானக்கா விடுறேன்."

"என்னத்த மாத்துன? முத ஆளா வர்ற அன்னிக்குத் தப்பிச்சேன். மத்த நாளெல்லாம் அந்த மனுசனுக்குப் பின்னாடிதான். வாழை குடிச்சது போக எனக்குச் சேறு. இந்தப் பூ உதுந்துச்சுன்னா கொடிய வெட்டி அடுப்புலதான் வைக்கணும்."

வரப்பில் நின்ற கருப்பையா அண்ணன் சிரித்தார். "எம் பின்னாடி வர்றதுக்குக் குடுத்து வச்சிருக்கணும் ஆத்தா!"

"கெணத்த நக்கிட்டுப் போற ஆளு பேச்சப் பாரு! ஏப்பா, இவருக்கடுத்து அந்தச் சேவியர் தம்பிய விட்டா ஆகாதா?"

எனக்குத் தலை சுற்றியது. முதல் ஆள் யாராக இருந்தாலும், மிச்ச இருவரை இரண்டு விதமாக நிறுத்தலாம். அப்படியானால் வரிசை மூன்றில்லை, ஆறு. நான் பாதியை விட்டுவிட்டு முறை மாற்றுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு கரண்ட் நேரம் குறைந்து, ஒரு நாளைக்கு இருவர்தான் என்று ஆனபோதும் இதே குழப்பம். ஒருவர் முடித்தபின் மற்றவர் என்றால் யார் முதல் என்பது முக்கியம், ஆறு விதம். இரண்டு வால்வையும் சேர்த்துத் திறந்தால் யார் முதல் என்ற பேச்சே இல்லை, மூன்று ஜோடிதான். வரிசை முக்கியமா என்று முதலில் கேளுங்கள், பிறகு எண்ணுங்கள். எனக்குத் தெரிந்த பாடம் இவ்வளவுதான்.

அக்கா சண்டை போட்ட மறுநாள் காலை, யாரும் வருமுன் மோட்டார் அறை மாடத்தில் வாழை இலைக் கிழிசல், திராட்சை இலை, ஒரு தக்காளி மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். ஆறு வந்தது. மறுபடி வைத்தபோது ஐந்துதான் வந்தது. திரும்ப ஆறு. தக்காளிக்குக் கொஞ்சம் தண்ணீர் போதும், அதற்குள் கிணறு ஊறிவிடும். தக்காளியை எடுத்து இரண்டு இலைக்கும் நடுவில் வைத்துவிட்டு ஸ்டார்ட்டரைப் போட்டேன்.