ஆரோக்கியசெல்வி கையில் கரணை

குருவிநத்தம் ஆரோக்கியசெல்வி நாற்று நட்டவள், கரும்பு வெட்டியவள். கொத்தனார் மணிவண்ணனைக் கட்டிக்கொண்டதும் அவனுக்குப் பெண்டாட்டியும் ஆனாள், சித்தாளும் ஆனாள். அவன் கட்டின சுவர்களுக்கெல்லாம் கலவை போட்டவள் அவள்தான். ஆனால் பூசுகிற கரணையை மட்டும் அவள் தொட்டுவிட்டால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். பொம்பளை கை பட்டால் கரணை என்ன கரைந்தா போய்விடும்? கேட்கத்தான் ஆளில்லை.

போன ஆவணியில் தவளக்குப்பத்தில் விஜயகுமாரி டீச்சர் வீட்டுத் தோட்டத்தில் வேலை. ரோஜாப் பாத்தியைச் சுற்றி வளைவாகச் சிவப்புக் கல் பதித்து ஓரம் கட்ட வேண்டும். கல் பதித்து முடித்த அன்றே மணிவண்ணன் பைக்கில் சறுக்கி விழுந்து கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டான். கற்களுக்கு நடுவே விரல் நுழைகிற இடுக்குகள் அப்படியே கிடந்தன. ஒரு மழை அடித்தால் பாத்தி மண் அந்த வழியாக வாசலுக்கு வந்துவிடும், கோரையும் கிளம்பிவிடும். டீச்சர் வேறு கொத்தனார் தேட ஆரம்பித்தார்.

"வேற ஆளு எதுக்கும்மா? நான் அடைச்சித் தரேன்," என்றாள் ஆரோக்கியசெல்வி.

"நீ சித்தாளாச்சே?"

"கை எனக்கும் ரெண்டு இருக்குதும்மா."

இந்த வேலை நன்றாக வந்தால் கரணை தன் கையில் தங்கும், கெட்டால் சாகிற வரைக்கும் கலவை சுமக்கிற பாண்டுச் சட்டிதான் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

தெரிந்து என்ன? "இளக்கமா போடு, இளக்கமா போடு" என்று கொத்தனார்கள் கத்திக் கத்திப் பழக்கிய கை, தண்ணீரைத் தாராளமாக ஊற்றிவிட்டது. கஞ்சியாட்டம் இருந்த கலவை இடுக்கில் நிற்காமல் கல் மேலெல்லாம் வழிந்தது. துடைக்கத் துடைக்கச் சிவப்புக் கல் சாம்பல் பூசினாற்போல் வெளுத்தது.

டீச்சர் மணிவண்ணனுக்குப் போன் போட்டுவிட்டார். அவன் உடனே பெண்டாட்டியைக் கூப்பிட்டான்.

"இன்னாடி பண்ணி வச்சிருக்க? அப்டியே வுட்டுட்டு வூட்டுக்கு வா. கால் சரியானதும் நான் பாத்துக்கறேன்."

"அதுக்குள்ள இறுகிப்பூடும். போனை வைய்யா."

அவமானத்தில் காது சுட்டது. அழுதாள், அழுதுகொண்டே வேலையும் செய்தாள். கலவை இறுகுமுன் ஆணியால் இடுக்கு இடுக்காகக் கிளறி எடுத்தாள். தேங்காய் நாரும் தண்ணீருமாகக் கல் கல்லாகத் தேய்த்தாள். சிமெண்ட் நகக்கண்ணை அரித்தது. பொழுது சாய்கையில் கல் பழையபடி சிவப்பாகவும், இடுக்கு பழையபடி ஓட்டையாகவும் நின்றன.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டாள். "இன்னைக்கும் வழிஞ்சா நான் வேற ஆளைத்தான் கூப்பிடுவேன்," என்றார் டீச்சர். அவள் தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்துக் கலந்தாள். பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், அழுத்தினால் சொட்டக் கூடாது. அந்தப் பதத்தில் எடுத்து, கரணை முனையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்து, அடி வரைக்கும் குத்தி இறக்கி, மேலே ஒரு இழுப்பு இழுத்துவிட்டாள். சிந்தியதைக் காய்ந்த பிரஷால் பெருக்கினாள். வளைவில் இடுக்கு விரிகிற இடம் வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் செய்தாள். ஒரு கல்லிலும் கறை இல்லை. டீச்சர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார்.

அந்த வாரக் கடைசியில் மழை கொட்டித் தீர்த்தது. பாத்தி மண் பாத்தியிலேயே இருந்தது. அதைப் பார்த்த எதிர் வீட்டு உஷாராணி தன் தோட்டத்துக்கும் வரச் சொல்லி அனுப்பினாள்.

அதற்குள் மணிவண்ணனுக்குக் கால் தேறியிருந்தது. அவனும் கூட வந்தான். வந்ததும் பையைத் திறந்து, பழக்கதோஷத்தில் கரணையைக் கையில் எடுத்தான். ஆரோக்கியசெல்வி கையை நீட்டினாள்.

"குடுயா. நீ கலவை போடு."

அவன் முறைத்தான். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் அவன்தான் கொடுத்துவிட்டு, பாண்டுச் சட்டியைத் தூக்கினான்.

உஷாராணி வெளியே வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதுல மேஸ்திரி யாருப்பா?"

கல்யாணமான நாளிலிருந்து பெண்டாட்டியை "இந்தாடி" என்பதைத் தவிர வேறு விதமாகக் கூப்பிட்டு அறியாதவன் மணிவண்ணன். பாண்டுச் சட்டியைக் கீழே வைத்தான்.

"இவங்கதாம்மா," என்றான்.