போதகரின் கடிதம்

திருச்சபையில் ஆணும் பெண்ணும் சமம் என்று சொல்வதற்காகவே நடந்த ஒரு சிறு சஞ்சிகைக்குப் பதினொரு வருடம் ஆசிரியராக இருந்தேன். போன மாதம் விலகியபோது, கொழும்பு வெள்ளவத்தையில் இருந்த எங்கள் அலுவலக அறையைப் புதிய ஆசிரியர் ஜெயந்தியிடம் ஒப்படைத்தேன்.

அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அவர் ஒரு பைலை விரித்தார். கட்டுரை எழுதியவர்களுக்கு அவரவர் போதகர் கொடுத்த நற்சான்றுக் கடிதங்கள் அவை. எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, "ஐயா, இதில முழுக்கப் பொம்பிளையளின்ர கடிதம்தானே கிடக்கு. ஆம்பிளையளின்ர எங்க?" என்று கேட்டார்.

"அவையளிட்ட நான் கேக்கேல்லை."

"என்ர முதல் கட்டுரை எட்டு மாதம் கிடந்தது இதுக்குத்தானா? எங்கட பாஸ்டர் அப்ப லண்டன்ல."

பெண்களுக்குச் சபையில் பிரச்சினை வரக்கூடாதே என்றுதான் கேட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதை விட்டுவிட்டு அலுமாரிச் சாவியை மேசையில் வைத்தேன். அவர் கோபப்படவில்லை. பைலை என் கையில் தந்துவிட்டு அடுத்த தட்டைத் துடைக்கத் தொடங்கினார்.

என் பையில் இன்னொரு கடிதம் இருந்தது. ஜெயந்தி ஆசிரியராக வருவதற்கு ஆட்சேபனை இல்லை என்று, அவருடைய போதகரிடம் நானே அதற்கு முந்தின கிழமை கேட்டு வாங்கியது. அதை வெளியே எடுக்காமலே கொட்டாஞ்சேனையில் இருக்கும் வீட்டுக்கு பஸ் ஏறினேன். இன்னும் அது பைக்குள்தான் கிடக்கிறது. கிழித்துப் போடக்கூட வெட்கமாக இருக்கிறது.