பங்கேற்பில் முதல் மாணவன்

கண்ணில் பிரஷர் ஏறி என் பார்வை போய் இரண்டு வருடம் ஆகிறது. மனைவியின் தோளைப் பிடிக்காமல் தெருமுனைகூடத் தாண்டியதில்லை. அவளுக்கோ தோள்வலி. வெள்ளைக்கோல் பிடித்துத் தனியாக நடக்கப் பயிற்சி தருகிறார்கள், பத்தே இடம் என்று கேள்விப்பட்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

முதலில் கேள்வித்தாளாம். பார்வையில்லாதவர்கள் நாலு பேரோடு எவ்வளவு கலந்து பழகுகிறார்கள் என்று அளப்பதற்கு. ஒவ்வொரு கேள்விக்கும் பூஜ்யத்திலிருந்து நாலு வரை மார்க். முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். மார்க் என்றால் கட்-ஆஃப், கட்-ஆஃப் தாண்டினால் சீட். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

எனக்கு முன்னால் கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயி ஒருவர்.

"கல்யாணம், காதுகுத்துக்குப் போறீங்களா?" என்றாள் கேள்வி கேட்கும் பெண்.

"எங்கம்மா போறது? இட்டுனு போக ஆள் வேணுமே."

"கடைக்கு?"

"அதுவும் இல்ல."

ஃபெயில் என்று மனதுக்குள் சிவப்பு மையால் சுழித்தேன். சீட் ஒன்று மிச்சம்.

என் முறை வந்தபோது மனைவி சொட்டுமருந்து வாங்கப் போயிருந்தாள். அதிர்ஷ்டம்தான்.

"தனியா வெளிய போவீங்களா சார்?"

"டெய்லி."

"விசேஷங்களுக்கு?"

"ஒண்ணு விடமாட்டேன்."

"கோயில், கிரிவலம்?"

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி. பதினாலு கிலோமீட்டரும் ஒண்டியா."

"சூப்பர் சார்! எல்லாத்துலயும் நாலு!"

மறுவாரம் அந்தப் பெண்ணே போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டேன், மனைவியும் கேட்கட்டும் என்று.

"பயிற்சி லிஸ்ட் வந்துடுச்சு சார். மார்க் கம்மியா இருக்கறவங்களுக்குத்தான் இடம். நீங்கதான் டெய்லி தனியா போறீங்களே, உங்களுக்குத் தேவையே இல்ல. வாழ்த்துக்கள்!"

போனை வைத்ததும் மனைவி கேட்டாள்: "டெய்லி தனியா போறீங்களாமே, எங்க? பாத்ரூமுக்கா?"

மறுநாள் காலையிலேயே என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். "மறுமதிப்பீடு வேணும்மா. மார்க்கைக் குறைக்கணும்," என்றேன். அந்தப் பெண் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒருத்தர் வரமுடியாதென்று சொல்லிவிட்டதால் ஒரு இடம் இருக்கிறது, ஆனால் கேள்விகளை முதலிலிருந்து கேட்க வேண்டும் என்றாள். இந்த முறை மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்தாள், பறக்கும்படை மாதிரி.

"தனியா வெளிய போவீங்களா?"

"இல்ல."

"விசேஷத்துக்கு?"

"போனா மூலையில உக்காந்துட்டு வந்துடுவேன்."

"ஃப்ரெண்ட்ஸைப் பாக்க?"

கூட வேலை பார்த்தவர்கள் செங்கம் ரோட்டு டீக்கடையில் தினமும் சாயந்திரம் கூடுவார்கள்.

"கூப்பிடுவாங்க. வேலை இருக்குன்னு சொல்லிடுவேன்."

"என்ன வேலை சார்?"

"ஒரு வேலையும் இல்லம்மா."

இது மனைவிக்கே தெரியாது. நக்கலாக ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். என் முழங்கையைத் தொட்டாள், அவ்வளவுதான்.

அந்தப் பெண் கூட்டிப் பார்த்தாள். "லிஸ்ட்லயே நீங்கதான் சார் கம்மி. திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு வந்துடுங்க. பத்து நாள். துணைக்கு வர்றவங்க வாசல் கேட்டோட நின்னுடணும்."

"அப்பாடா!" என்றாள் மனைவி.

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.