சனிக்கிழமைக் கறுப்பு

கறுப்பு பீடையாம். பெயிண்ட் தொழிற்சாலையின் மேனேஜர் ஒருவர், வெளிநாட்டில் படித்த சான்றிதழைச் சட்டம் போட்டு மேசைக்குப் பின்னால் மாட்டியிருந்தவர், வாய் கூசாமல் என்னிடம் சொன்னது இது. வாரம் பிறந்ததும் முதல் வேலையாகக் கறுப்புப் பெயிண்டைக் கலக்கி முடித்துவிட்டால் அந்த வாரத்துப் பீடை கழிந்துவிடும், மீதி நாளெல்லாம் சுகமாகப் போகும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஆகவே எங்கள் தொழிற்சாலையில் திங்கட்கிழமை கறுப்பு, செவ்வாய்க்கிழமை வெள்ளை.

இதில் இருக்கிற கூத்து பெயிண்ட் பக்கமே போகாதவர்களுக்கும் புரியும். பால் காய்ச்சிய சட்டியில் பிறகு மீன் குழம்பு வைக்கலாம். மீன் குழம்பு வைத்த சட்டியில் பால் காய்ச்ச எந்த வீட்டிலும் யாரும் துணியமாட்டார்கள். எங்களுக்கு இருந்ததோ ஒரே ஒரு பெரிய கலவை டேங்க். முதலில் வெள்ளை, அப்புறம் மஞ்சள், சிவப்பு, காப்பிக்கலர், கடைசியில் கறுப்பு என்று வெளுப்பிலிருந்து கருமைக்குப் போனால் நடுவில் டேங்கைக் கழுவவே வேண்டாம், துடைத்தால் போதும். வாரத்துக்கு ஒரு கழுவல். பெயிண்டைக் கரைத்துக் கழுவும் அந்தத் தின்னரையும் தோங் என்கிற பீப்பாயில் பிடித்து வைத்தால் அடுத்த கறுப்புக்கு அப்படியே ஊற்றிக்கொள்ளலாம், ஒரு சொட்டு வெளியே போகாது.

எங்கள் மகானுபாவர் ஏற்பாட்டில் கறுப்பு கலக்கிய டேங்கில் மறுநாளே வெள்ளை. நாலு தடவை தின்னர் விட்டு அலசினாலும் வெள்ளை என்னவோ சாம்பல் பூத்த மாதிரிதான் வரும். அலசிய தின்னர் அத்தனையும் பின்பக்கத்து லோங்காங்கில், அதாவது சாக்கடை வாய்க்காலில் போகும். லோங்காங் நேராகப் பின்னாலிருந்த கம்பத்துக்கு, எங்கள் ஊர்ப் பேச்சில் கிராமத்துக்கு, போகும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மலேசியாவில், கிள்ளானிலிருந்து காப்பார் போகும் சாலையில் தொழிற்சாலை. எனக்கு இருபத்தாறு வயது. கெமிஸ்ட்ரி படித்த திமிரோடு அங்கே லேப் வேலையில் இருந்தேன். லேப் என்றால் ஒரு சிங்க், ஒரு தராசு, ஒழுகுகிற ஏர்கண்டிஷன். அவ்வளவுதான். ஆனாலும் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டால் எனக்கு நடையே வேறு மாதிரி ஆகிவிடும்.

கம்பத்தில் நாலு மாடு வைத்துப் பால் விற்ற ஓர் அக்கா இருந்தார். கணவர் இல்லை. அந்த நாலு மாடுதான் அவருக்கு எல்லாம். காலையில் சைக்கிளில் காப்பார் வரைக்கும் பால் ஊற்றிவிட்டு வருவார். ஒருநாள் பகலில் பின்கேட்டுக்கு வந்து, வெள்ளைக் கோட்டைப் பார்த்து என்னைக் கூப்பிட்டார். கையில் மூடிய தூக்குச் சட்டி.

"தம்பி, இதக் கொஞ்சம் மோந்து பாருங்க."

திறந்து மோந்தேன். பால்தான். பாலுக்குள்ளே தின்னர் வாடை, சன்னமாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

"மூணு வீட்டுல வேணாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மாட்டுக்கு ரோட்டுப் பைப்புல தண்ணி பிடிச்சுத்தான் வைக்கிறேன். ஆனா அவுத்து விட்டா அது நேரா லோங்காங்குக்குத்தான் போவுது. அதுக்கு என்ன தெரியும்? ஒங்க ஆளுங்ககிட்ட கொஞ்சம் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். அன்றைக்கே ராத்தங்காமல் மேனேஜர் அறைக்குப் போனேன்.

மேனேஜருக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் வீடு. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில், நெற்றியில் பட்டை, விரல்களில் கல் வைத்த மோதிரங்கள். என் திட்டத்தைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை கடைசியாகக் கறுப்பு கலக்கலாம், சனிக்கிழமை அரை நாளில் டேங்கைக் கழுவிக்கொள்ளலாம் என்றேன்.

"வெள்ளிக்கிழமையா? லட்சுமி வர்ற நாள்ல கறுப்பக் கலக்கச் சொல்றீங்க. யூ ஆர் ஜோக்கிங், லா."

"அப்ப சனிக்கிழமை கலக்கலாம் சார்."

"சனிக்கிழமை யாராவது ஒரு வேலைய ஸ்டார்ட் பண்ணுவாங்களா? நீங்க தமிழ் வீட்டுலதானே பொறந்தீங்க?"

இதைச் சொல்லும்போது அவர் முன்னால் ஒரு கோப்பை கோப்பி-ஓ இருந்தது. பால் கலக்காத, கன்னங்கரேலென்ற கோப்பி. நாளைக்கு நாலு கோப்பை குடிப்பார். மாதம் பிறந்தால் தலைக்கும் மீசைக்கும் சாயம், அதுவும் கறுப்புதான். அப்போதெல்லாம் பீடை எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியாது.

நான் விடவில்லை. நாலு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை தட்டச்சு செய்து, அம்புக்குறியெல்லாம் போட்டுப் படம் வரைந்து கொடுத்தேன். வாங்கி, மேசையில் வைத்து, அதன் மேல் கோப்பிக் கோப்பையை வைத்தார். அதோடு சரி.

மறுவாரம் பின்கேட்டில் அந்த அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். மேனேஜரை நன்றாக நக்கலடித்துச் சொன்னேன், அதில் எனக்கு ஒரு ருசி. அவர் சிரிக்கவில்லை, யோசித்தார்.

"இவ்வளவுதானா? சனீஸ்வரனுக்குக் கறுப்புன்னா உசுரு தம்பி. நான் சனிக்கிழமை சனிக்கிழமை கோயில்ல கறுப்புத் துணியில எள்ளு முடிஞ்சு விளக்கு போடுறேன். சனிக்கிழமை கறுப்பு கலக்குனா சனி கொறையும்னு சொல்லிப் பாருங்க. அந்த மனுசன் ஒடனே கேப்பாரு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அக்கா, நான் சயன்ஸ் படிச்சவன். இந்த மாதிரி கதையெல்லாம் என் வாயால சொல்ல முடியாது."

"கதையோ கிதையோ, மாடு குடிக்கிற தண்ணி நல்லா இருந்தா சரி," என்றார். என்னைப் பார்த்து ஒரு மாதிரியாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் போனது. இரண்டு வருடமும் நான் என்ன கிழித்தேன் என்றால், இன்னும் இரண்டு அறிக்கை எழுதினேன். முந்தியதைவிட நீளமாக. மேனேஜரும் சும்மா இருக்கவில்லை. சுற்றுச்சூழல், சுற்றுச்சூழல் என்று பத்திரிகைகளில் பேச்சு வர ஆரம்பித்ததும் தொழிற்சாலை முகப்பில் ஒரு நீரூற்று கட்டினார். பைப் தண்ணீர் பீச்சியடிக்கும், சுற்றிலும் தொட்டிகளில் செடி. வருகிறவர்களை அங்கே நிற்க வைத்து "நேச்சர் இஸ் வெரி இம்பார்ட்டன்ட்" என்பார். பின்பக்கம் தின்னர் பல நிறத்தில் மினுமினுத்துக்கொண்டு ஓடும். பூஞ்செடிக்கு உரம் வாங்கியதை மட்டும் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னார். த்தூ.

அந்த இரண்டாவது வருடத்தில் அக்காவின் சினைமாடு குறைமாதத்தில் செத்த கன்றைப் போட்டது. பத்து நாள் கழித்து மாடும் படுத்தது, எழுந்திருக்கவில்லை. லேப் ஜன்னலிலிருந்து பார்த்தால் கம்பம் தெரியும். அவர் அந்த மாட்டின் மேல் கோணிச் சாக்கைப் போர்த்திவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். இறங்கிப் போய் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. தோன்றியது, போகவில்லை. என்ன முகத்தோடு போவது? ஜன்னலைச் சாத்திவிட்டு மேனேஜரைத் திட்டினேன். அது சுலபமாக இருந்தது.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை மேனேஜரே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வாடிக்கையாளர் ஒருவர் வெள்ளைப் பெயிண்டை மொத்தமாகத் திருப்பி அனுப்பியிருந்தார், சுவரெல்லாம் அழுக்காகத் தெரிகிறதென்று. மனுஷர் முகம் செத்துப் போயிருந்தது. ஏன் இப்படி ஆகிறதென்று என்னிடம் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"எனக்கு ஏழரை நடக்குதாம்," என்றார். "ஜோசியர் சொல்லிட்டார். இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு."

அந்த நேரத்தில் என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

"சார், சனிக்கு உகந்தது கறுப்புதானே? அவரோட நாள்ல அவரோட கலரைக் கலக்காம திங்கட்கிழமை கலக்குறோம். அதான் கோவமோ என்னமோ."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அந்தத் தொழிற்சாலையில் சொன்ன விஷயங்களிலேயே அவர் முதன்முதலாகக் காது கொடுத்துக் கேட்டது அதுதான். "யூ நோ, யூ ஆர் ரைட்," என்றார். அந்த வாரமே கறுப்பு சனிக்கிழமைக்குப் போயிற்று. திங்கட்கிழமை வெள்ளை. கழுவிய தின்னரை லோங்காங்கில் கொட்டினால் சனியின் பிரசாதத்தைக் கொட்டுவது மாதிரி என்று இன்னொரு புளுகையும் சேர்த்துவிட்டேன். அதற்கும் தலையாட்டினார். தோங்கில் பிடித்து, அதற்குச் சந்தனம் குங்குமம்கூட வைக்கச் சொன்னார். நான் வைத்தேன். சிரிக்கவில்லை.

மூன்று அறிக்கையால் நடக்காதது அரை நிமிடத்தில் நடந்தது.

ஆறேழு மாதத்தில் தலைமை அலுவலகம் விழித்துக்கொண்டது. கிள்ளான் தொழிற்சாலையில் மட்டும் தின்னர் செலவு எப்படிக் குறைந்தது, கழிவு எங்கே போயிற்று என்று கேட்டுக் கடிதம் வந்தது. மேனேஜர் என்னுடைய பழைய அறிக்கையைத் தேடி எடுத்தார். முதல் பக்கத்தில் கோப்பி வட்டம் அப்படியே இருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் புதிதாகத் தட்டச்சு செய்யச் சொல்லி, என் பேர் இருந்த இடத்தில் தன் பேரைப் போட்டு அனுப்பினார். கோலாலம்பூரில் ஒரு விருந்தில் அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள். சாமி படங்களுக்கு நடுவில் அது ஏறி உட்கார்ந்தது. அடுத்த முறை எனக்கும் கேடயம் கிடைக்க வேண்டுமானால் ஒரு கல் மோதிரம் போட்டுக்கொள்ளச் சொல்லிப் புத்தி சொன்னார்.

அவரை நான் இன்றைக்கும் முட்டாள் என்றுதான் சொல்வேன், அதில் மாற்றமில்லை. ஆனால் அந்த ஆளுக்குத் தெரியாது. தெரிந்தவன் நான்.

கேடயம் வந்த வாரம் ஒருநாள் சாயங்காலம் கம்பத்துக்குப் போனேன். லோங்காங்கில் தண்ணீர் சுத்தமாக ஓடியது, அடியில் மண் தெரிந்தது. அதைக் காட்டுவதற்குத்தான் போனேன் என்று இப்போது தோன்றுகிறது. மாட்டுக் கொட்டகையில் துணி காய்ந்துகொண்டிருந்தது. மீதி மூன்று மாட்டையும் பந்திங் பக்கத்து ஆள் ஒருவருக்கு விற்றுவிட்டாராம். பக்கத்துப் பள்ளிக்கூடக் கென்டீனில் தட்டு கழுவுகிற வேலை.

அக்கா என்னை உட்காரச் சொன்னார். உள்ளே போய் ஒரு கோப்பையில் கோப்பி-ஓ கொண்டுவந்து வைத்தார்.

"பால் இல்ல, தம்பி," என்றார். அப்புறம் லோங்காங் பக்கம் பார்த்தார். "தண்ணி தெளிஞ்சிருக்கே. என்னா சொன்னீங்க அவர்கிட்ட?"

"நீங்க சொல்லச் சொன்னதத்தான்க்கா சொன்னேன்."

"சனீஸ்வரன் கதையா?"

"ஆமா."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"மாடு இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே, தம்பி."