முக்காலைத் தேடிய மூன்று நாள்

விரல்கள் பத்தும் விசைப்பலகையில் ஓடிக்கொண்டிருந்தன. கட்டளையை அடிப்பது, கருப்புத் திரையில் வருவதைப் பார்ப்பது, அதை அப்படியே கோடு போட்ட நோட்டில் எழுதுவது. நான்காவது புகார் இப்படித்தான் தயாராகிக்கொண்டிருந்தது. எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவருக்கு ஓர் எண்ணம். அன்று காலை பத்து மணி வரைதான் அதற்கு ஆயுள்.

இருபது வருடம் தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் மாணவர்களின் தாளில் சிவப்பு மையால் சுழித்தவர். நாற்பது வயதுக்கு மேல் கையேடுகளைப் படித்துப் படித்துத் தானாகவே இந்த வேலைக்கு வந்தார். ஒரு சிறு நிறுவனம் உருவாக்கும் கருவிகள் கணினியில் ஒழுங்காக நிறுவப்படுகின்றனவா, நிறுவியபின் ஓடுகின்றனவா என்று சோதிக்கும் வேலை. அலுவலகத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அவர் அதைப் பாராட்டு என்றே வைத்துக்கொண்டிருந்தார்.

இப்போதைய கருவி பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளி அச்சகத்துக்கானது. பொத்தான் கிடையாது, படம் கிடையாது. கட்டளையை அடித்தால் வினாத்தாளைப் பிரெய்ல் புள்ளிகளாக மாற்றித் தரும். போன தேர்வில் அதன் மூன்றாம் பதிப்பு பின்னத்தின் கோட்டை விழுங்கிவிட்டது. மூன்றின் கீழ் நான்கு முப்பத்துநான்காகிவிட்டது. முக்கால் ரொட்டியைப் பங்கிட வேண்டிய பதினோரு பிள்ளைகள் முப்பத்துநான்கு ரொட்டியைப் பங்கிட்டுவிட்டு வந்தார்கள். திங்கட்கிழமை மறுதேர்வு. வெள்ளி மதியத்துக்குள் நான்காம் பதிப்பு அச்சகத்துக்குப் போயாக வேண்டும். இன்று வெள்ளி.

புதன்கிழமையே அவர் நான்காம் பதிப்பை நிறுவி, முக்காலைக் கொடுத்துப் பார்த்தார். முப்பத்துநான்கு. புகார் எழுதினார். கருவியை உருவாக்கும் பெண் எங்கோ எதையோ திருத்தி அனுப்பினாள். மறுபடி முப்பத்துநான்கு. மூன்று புகார் வரை இதே கதை.

“என்கிட்ட சரியா வருது அண்ணா.”

“உன்கிட்ட வந்து என்னம்மா பிரயோஜனம்? பிள்ளைங்ககிட்ட வரணுமே.”

இந்தப் பதில் அவருக்கே ரொம்பப் பிடித்துப்போய், வீட்டுக்கு வந்து மனைவியிடமும் ஒரு தடவை சொல்லிக் காட்டினார்.

நான்காவது புகாரை அவள் மறுக்கவே முடியாதபடி எழுத நினைத்தார். பதிப்பு எண்ணைக் கருவியின் வாயாலேயே சொல்ல வைத்துவிடலாம். கேட்டார். ‘3’ என்றது திரை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி கேட்டார். ‘3.’

போன வருடம் வசதிக்காகப் பழைய கருவியின் நகல் ஒன்றைத் தன் கோப்புறையில் போட்டுவைத்தவர் அவர்தான். எந்தக் கட்டளை வந்தாலும் முதலில் அங்கேயே தேடு என்று கணினிக்குச் சொல்லிவைத்தவரும் அவர்தான். புதியதை எத்தனை முறை நிறுவினாலும் ஓடியது பழையதே. சொன்ன சொல் தவறாத கணினி.

தொலைபேசியை எடுத்தார். கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

“அப்போ மூணு நாளா நான் இல்லாத தப்பைத் திருத்திட்டிருந்தேனா அண்ணா?”

“ஆமாம்மா.”

“நேத்து எங்க கல்யாண நாள். வெளிய சாப்பிடப் போகாம உக்காந்து திருத்தினேன்.”

“என்னத்தம்மா சொல்றது நான்...”

“ஒண்ணும் சொல்ல வேணாம். உங்க மெஷினை மூடி வெச்சுட்டு, சுத்தமான மெஷின் ஒண்ணைப் பிடிங்க. பன்னெண்டரைக்கு அச்சகத்துல இருக்கணும்.”

அவர் கை படாத கணினி அவருக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். அது வீட்டின் முன்னறையில், தையல் இயந்திரத்துக்கும் துணிக் குவியலுக்கும் நடுவே இருந்தது. மனைவி அதில் சட்டை வெட்டும் வடிவங்களை மட்டும் வைத்திருந்தாள். வீட்டுக்கு ஓடிவந்து அவளிடம் ஒரு தாளை நீட்டினார்.

“நான் தொட மாட்டேன். அச்சகத்துக்குன்னு நான் எழுதின தாள் இது. இதுல இருக்கறத அப்படியே அடி.”

“இவ்வளவு பவ்யமா பேசறீங்கன்னா பெரிசா ஏதோ கவுத்திருக்கீங்க” என்றபடி அவள் முதல் வரியை அடித்தாள். பிழை. மறுபடி அடித்தாள். பிழை.

எட்டிப் பார்த்தார். கட்டளைக்கு முன்னால் ஒரு டாலர் குறி. கட்டளை இங்கே தொடங்குகிறது என்று காட்டத் தொழில்காரர்கள் தாளில் போடுவது. தெரிந்தவர்கள் அதை அடிக்க மாட்டார்கள். அவருடைய தாளில் வரிக்கு ஒன்று இருந்தது.

“இதை எதுக்கு அடிச்ச?”

“எழுதியிருக்கே.”

“அது அடிக்கறதுக்கு இல்ல.”

“அப்போ அழகுக்கா? அளவுச்சீட்டுல இப்படிக் கிறுக்கிக் குடுத்தா நான் அதையும் சேர்த்துத்தான் வெட்டுவேன்.”

இந்தத் தாளோடு போயிருந்தால், சரியான கருவி அச்சகத்தில் முதல் வரியிலேயே படுத்திருக்கும். எல்லா டாலரையும் நீக்கிப் புதுத் தாள் எழுதினார். பதிப்பு எண்ணைக் கேட்கும் வரியை முதல் சோதனையாகச் சேர்த்தார். அவள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து அடித்தாள். ‘4.’ முக்காலைக் கொடுத்தாள். கோடு இருந்தது.

பன்னிரண்டரைக்கு அச்சகத்தில் பொறுப்பாளர் தாளைப் பார்த்துப் பார்த்து அடிக்க, அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான்கு என்றது திரை. அச்சுப்பொறி தடதடவென்று ஒரு பக்கத்தைத் துப்பியது. பார்வையற்றவரான மெய்ப்புத் திருத்துநர் அம்மாள் அதை மேசைமேல் விரித்துச் சுட்டுவிரலால் படித்துக்கொண்டே வந்தார். மூன்றாம் வினாவில் விரல் நின்றது. திரும்பிப்போய் அதே இடத்தை மீண்டும் தடவியது.

“சார், மூச்சு விடற சத்தம் ரொம்பக் கேக்குது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

அவர் இரண்டடி தள்ளி நின்றார்.

“முக்கால்” என்றார் அந்த அம்மாள். பிறகு பொறுப்பாளர் பக்கம் திரும்பினார். “ஓட்டுங்க, பதினோரு பிரதி. அந்த அடிக்கற தாளையும் சார்கிட்ட வாங்கி வெச்சுக்கோங்க.”

விசைப்பலகை அருகே கிடந்த தாளை அவர் இரண்டு கைகளாலும் எடுத்துக் கொடுத்தார்.