வாழைத் தோட்டத்து நாய்

என் கணவர் காதர் மைதீனுக்கு நான் யார் என்பது மறந்துபோய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. என்னை யாரோ வேலைக்காரி என்று நினைத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போகணும், கதவத் தொறங்க" என்று நாள் முழுக்கக் கேட்பார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பத்தமடையில் பக்கத்துத் தெருவில் என் தம்பி சாகுல் மட்டும் இருந்தான்.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. ஒரு வியாழக்கிழமை மதியம் லுஹர் தொழுதுவிட்டு, விரிப்பிலேயே உட்கார்ந்து சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்னேன். "யா அல்லாஹ், என்னால முடியல. இவங்கள எடுத்துக்கோ." அந்த அலுப்பிலேயே கண் அசந்துவிட்டேன். விழித்தபோது கதவு திறந்து கிடந்தது. அவர் இல்லை.

சகோதரிகளே, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? என் துஆ கபூலாகிவிட்டது, அல்லாஹ் ஏற்றுக்கொண்டுவிட்டான் என்றுதான் நினைத்தேன். சாகுல் வீட்டுக்கு ஓடினேன்.

அவரைக் காணவில்லை என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஜமாஅத் ஆட்கள் கால்வாய்க் கரை நெடுகத் தேடினார்கள். தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடியது. "கீழ மதகுல போய்ப் பாருங்கலே, அங்கதான் ஒதுங்கும்" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. ஒதுங்கும் என்றார். ஆளைச் சொல்லவில்லை, மையித்தை, பிணத்தைச் சொன்னார்.

அன்று முழுக்க ஒரே துஆதான். "நான் சொன்னத மன்னிச்சிரு. அவங்கள உசுரோட குடு. எப்படிக் குடுத்தாலும் வாங்கிக்கிடுதேன்."

சனிக்கிழமை காலை மழை வெறித்தது. வாழைத் தோட்டத்துக் காவல்காரர் இசக்கி ஓடி வந்தார். "யக்கா, எங்க தோட்டத்துல அண்ணாச்சி கெடக்காவ. உசுரு இருக்கு. ஒரு நாயி கிட்ட அண்டவிட மாட்டேங்கு."

அது ஆளைக் கண்டால் கடிக்கும் நாய் என்றும், தான் கம்பில்லாமல் அந்தப் பக்கம் போவதில்லை என்றும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

வாழைகளுக்கு நடுவே வெட்டிய வாய்க்காலில் அவர் கிடந்தார். ஒரு கால் திரும்பாத பக்கமாகத் திரும்பியிருந்தது. அவர் நெஞ்சோடு ஒட்டி அந்தப் பெட்டை நாய் படுத்திருந்தது. சுற்றிலும் மண் உழுதது போலக் கிளறிக் கிடந்தது.

"பன்னிக் கூட்டம் வந்திருக்கு, யக்கா" என்றார் இசக்கி. "இது மட்டும் இல்லேன்னா அண்ணாச்சியக் கிழிச்சிருக்கும்." அப்போதுதான் பார்த்தேன். நாயின் தோள்பட்டை பிளந்து எலும்பு தெரிந்தது.

கூட வந்த சாகுல் கல்லை எடுத்தான். நான் தடுத்துவிட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு அடி வைத்தேன். அது பல்லைக் காட்டி உறுமியது. நகர முடியாமல் சேற்றிலேயே உட்கார்ந்தேன். என் கணவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு நாயின் தலையில் கை வைத்தார்.

"விடு. நம்ம வீட்டு ஆளுதான்."

நாய் தலையைத் தரையில் சாய்த்தது.

அவரை இசக்கியின் கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கினார்கள். நாயால் எழுந்திருக்க முடியவில்லை. தெருநாய் சேலையில் உரசினால் சேலையையே மாற்றுகிறவள் நான். அன்று உள்ளங்கையில் தண்ணீர் ஏந்திக் கொடுத்தேன். இரண்டு தடவை நக்கியது. மூன்றாவது தடவை ஏந்தியபோது உயிர் இல்லை. இசக்கி அங்கேயே குழி தோண்டினார். நாய் நக்கிய கையை எங்கள் முறைப்படி மண் போட்டு, ஏழு தடவை கழுவினேன். அழுதுகொண்டேதான் கழுவினேன்.

ஆம்புலன்ஸில் ஏற்றியதும் அவர் என்னிடம், "நீங்க யாரு?" என்று கேட்டார்.

இடுப்பெலும்பு சேரவே இல்லை. ஏழு மாதம் படுக்கையில் கிடந்தார். முதுகெல்லாம் புண். வலியில் என்னை ஏசுவார், சில நேரம் அடிக்கவும் செய்தார். ஆனாலும் தினமும் அவர் காலைத் துடைத்துவிட்டு மன்னிப்புக் கேட்க எனக்கு ஏழு மாதம் கிடைத்தது. கால்வாய்த் தண்ணீர் கொண்டுபோயிருந்தால் அது கிடைத்திருக்காது. வீட்டில், என் மடியில், கலிமா காதில் விழ அவர் கண் மூடி மவுத்தானார். அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது எங்கள் தெருவில் இன்னொரு வீட்டில் அதே நோய். தினமும் சாயங்காலம் அசரிலிருந்து மஃரிப் வரை நான் போய் அந்தப் பெரியவர் பக்கத்தில் உட்காருகிறேன். அவர் மனைவி அந்த நேரம் தூங்குகிறார். நோயாளியோடு தனியாகக் கிடந்து அல்லாடும் சகோதரியே, ரப்பிடம், அந்த இறைவனிடம் கேளுங்கள், அழுதே கேளுங்கள். உதவி இன்ன உருவத்தில்தான் வர வேண்டும் என்று மட்டும் நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள்.