குழிக்கு மேலே நிற்கும் வேன்

எங்கள் வேன் மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியபோது யாரும் வாழ்த்துச் சொல்லவில்லை. மகன் மட்டும் பெங்களூரிலிருந்து கூப்பிட்டு, "அப்பா, அத எடைக்குப் போட்டுட்டு நல்ல காரா ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றான். அவன் சொல்லும் நல்ல கார் எதிலும் என் மனைவியால் ஏற முடியாது. முழங்கால்கள் மடங்க மறுத்துவிட்டன. காரில் உட்காருவது அவளுக்குக் கிணற்றில் இறங்குவதுபோல. வேனின் பக்கக் கதவு அகலமாகத் திறக்கும். அதன் தளத்துக்குச் சமமாக வாசலில் ஒரு சிமெண்டு மேடை கட்டியிருக்கிறேன். அதிலிருந்து நேராக நடந்து உள்ளே போய்விடுவாள். போகிற இடத்தில் இறங்க மாட்டாள். ஞாயிறு பூசையைக்கூட மாதா கோவில் மரத்தடியில், வண்டிக்குள் இருந்தபடியேதான் கேட்பாள். வேன் போனால் அவளுக்கு ஊரே போனமாதிரி.

ஓய்வு பெறும் வரை பேருந்துகளுக்குப் பராமரிப்பு அட்டவணை போடுவது என் வேலை. எந்தக் கிலோமீட்டரில் எந்த எண்ணெயை மாற்ற வேண்டும் என்று எழுதுவேன். பேருந்துகள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. என் அட்டவணையை முழுதாக மதித்த ஒரே வண்டி இந்த வேன்தான்.

சர்வீசுக்குச் சேலத்திலிருந்து புதுச்சத்திரம் வரை போவோம். அங்கே நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு லாரிப் பட்டறை. கார் கம்பெனிகளின் கண்ணாடி மாளிகையில் வண்டியை அந்தரத்தில் தூக்கி நிறுத்துவார்கள். உள்ளே ஆள் இருக்கக் கூடாது. இங்கே குழிதான். வண்டி குழிக்கு மேலே நிற்கும், மெக்கானிக் உள்ளே இறங்கிக்கொள்வார், என் மனைவி நடு இருக்கையில் அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

போன மாதமும் அப்படித்தான் போனோம். எங்கள் வேனுக்கு இயந்திரம் முன் இருக்கைக்கு அடியில். இருக்கையைத் தூக்கினால் குடும்ப வரலாறு கிடக்கும். இம்முறை ஒரு குருத்தோலைச் சிலுவை, இயந்திரச் சூட்டில் அப்பளமாகக் காய்ந்து கிடைத்தது. கீழே பழைய எண்ணெய் சட்டிக்குள் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்திலும் வெயிலிலும் காலைப்பொழுது மெல்லக் கண்ணயர்ந்தது. நெடுஞ்சாலையில் புது லாரி ஒன்று கூண்டோ உடம்போ இல்லாமல் வெறும் சட்டமும் சக்கரங்களுமாக, பாடி கட்டும் பட்டறைக்குப் போனது. முகத்தில் துண்டு சுற்றிய ஓட்டுநர் காற்றில் உட்கார்ந்து மிதந்து போவதுபோல இருந்தது.

"எனக்கு அதுமாதிரி ஒண்ணு வாங்கிக் குடுங்க. கதவே இல்ல, தொல்லை இல்ல" என்றாள் மனைவி.

எண்ணெய் வடிந்ததும் மெக்கானிக் சுத்தியலை எடுத்தார். அடிச்சட்டத்தைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்பது அவர் வழக்கம். ஒவ்வொரு தட்டுக்கும் மேலேயிருந்து கைத்தடியால் ஒரு பதில் தட்டுத் தட்டுவது இவள் வழக்கம். டங். டொக். டங். டொக். அரைத் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று கீழே 'டப்' என்றது. மேலேயிருந்து பதில் வரவில்லை.

"ஐயா, கொஞ்சம் கீழ வாங்க."

இறங்கினேன். குறுக்குச் சட்டம் ஒன்றில் அவருடைய ஸ்குரூ டிரைவர் அதிரசத்தில் விரல் போவதுபோலப் போனது.

"துரு தின்னுருச்சுங்க. நீளச் சட்டம் ரெண்டும் கல்லாட்ட இருக்குது. இதுக்குத் தகடு வெச்சு வெல்டிங் பண்ணீரலாமுங்க."

"பண்ணலாம். பேட்டரியக் கழட்டணும், பெட்ரோல் டேங்க இறக்கணும், ஈரச் சாக்குப் போடணும். மேல ஆள் இருக்கக் கூடாது" என்றேன்.

"அதத்தானுங்க நானும் சொல்ல வாரேன். அம்மா எறங்கோணும்."

"எனக்குக் கேக்குது" என்றது தலைக்கு மேலே ஒரு குரல். "என்னால ஆகாது."

"அப்ப இப்படியே ஓட்டீட்டுப் போலாமுங்கம்மா. ஒரு நாளைக்கு நீங்க எறங்காமயே ரோட்டுக்கு வந்துருவீங்க."

மேலேயிருந்து சிரிப்புக் கேட்டது.

வேனைக் குழியிலிருந்து கொஞ்சம் பின்னால் தள்ளினோம். மினி லாரியின் தேய்ந்த டயர் ஒன்றைக் கதவோரம் படுக்கவைத்து, நடுவில் சாக்கைத் திணித்து, மேலே பலகையைப் போட்டார் மெக்கானிக். அவள் என் தோளைப் பிடித்தாள். அந்தப் பிடி இரண்டு நாள் வலித்தது. ஒரு கால் டயரில் பதிந்தது. டயர் மெல்ல அமுங்கிக் கொடுத்தது. அடுத்த கால் மண்ணில். எங்கள் வீட்டு வாசலைத் தவிர வேறெங்கோ அவள் நிற்கிறாள் என்பது எனக்குக் கனவுபோலத்தான் பட்டது. புங்க மரம் வரை நடந்தாள். அங்கே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வேனை முதன்முதலாகப் பார்ப்பவள்போலப் பார்த்தாள்.

"இவ்வளவு அழுக்காவா இருக்கு? நீங்க சொல்லவே இல்ல."

வேன் மறுபடி குழிக்கு மேலே போனது; அடியில் வெல்டிங்கின் நீல வெளிச்சம் விட்டுவிட்டுப் பூத்தது. சூடு ஆறியதும் மெக்கானிக் மறுபடி தட்டினார். டங். மனைவி எழுந்து வந்து, பக்கக் கதவில் கைத்தடியால் ஒரு தட்டுத் தட்டினாள். வண்டி தேறிவிட்டது.

கிளம்பும்போது, அவள் அதே டயரை மிதித்து ஏறியதும், அதை மெக்கானிக்கே பின்னால் ஏற்றினார். "தேஞ்சதுங்க, எங்களுக்கு ஆகாது."

சர்வீஸ் முடிந்தால் ஜேடர்பாளையம் போய், தடுப்பணைத் தண்ணீரை வண்டிக்குள்ளிருந்து பார்த்துவிட்டுத் திரும்புவது எங்கள் பழக்கம். அன்றும் கரையோரம் நிறுத்தினேன். மாலை வெயில் காவிரியில் தூங்கிக்கொண்டிருந்தது; எங்கோ மீன் வறுக்கும் வாசனை. அவள் பின்னால் கிடந்த டயரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த டயர எடுத்துப் போடுங்க."

நான் கை பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, டயர் ஆடுகிறதா என்று மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேனின் தளத்தில் கைத்தடி பொறுமையில்லாமல் தட்டும் சத்தம் கேட்டது. நல்ல, துலக்கமான சத்தம்.